ஒன்பதாம் மதகின் முழு முகவரி

"எங்க ஊர கம்ப்யூட்டர் முழுங்கிடுச்சு சார்" என்று நான் சொன்னபோது சபாபதி சார் சிரித்தார். "கம்ப்யூட்டர் எதையும் முழுங்காது பாப்பா. கீழ போயி ஒரு டீ குடிச்சிட்டு வந்து இன்னொரு தடவ பாரு" என்றார். நான் போகவில்லை. கோபம் வந்தால் எனக்கு டீ இறங்காது. அவர் மேசைக்கு முன்னால் அப்படியே நின்றேன்.

என் பெயர் சிந்துஜா. அப்போது சிதம்பரம் மேல வீதியில், ஒரு பாத்திரக் கடைக்கு மேல்மாடியில் இருந்த சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சபாபதி சார்தான் முதலாளி. புரோகிராம் எழுதுகிறவரும் அவரேதான். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். மற்ற கம்பெனிகள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காதபோது கூப்பிட்டு வேலை கொடுத்தவர். அதை அடிக்கடி ஞாபகப்படுத்தவும் செய்வார்.

என் ஊர் ஒன்பதாம் மதகு. இதெல்லாம் ஒரு ஊர்ப் பெயரா என்று கேட்காதீர்கள். கேட்டவர்களோடு ஏற்கெனவே நிறையச் சண்டை போட்டாகிவிட்டது. குமராட்சியைத் தாண்டினால் பெரிய வாய்க்கால் ஒன்று வரும். அதற்கு அந்தப் பக்கம் மேட்டில் பெயர் வைத்த ஊர்கள். இந்தப் பக்கம், கொள்ளிடக்கரையை ஒட்டின பள்ளத்தில், நாங்கள். எங்களுக்குப் பெயர் வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. மதகுச் சுவரில் வெள்ளை பெயிண்டில் நம்பர் போட்டிருந்தது, அதையே எங்களுக்கு எடுத்துக்கொண்டோம். மினி பஸ் கண்டக்டர் "ஒம்போதாம் மதகு எறங்கு" என்றுதான் குரல் கொடுப்பார். கல்யாணப் பத்திரிகையில் மணமகள் ஊர் என்கிற இடத்தில் 'ஒன்பதாம் மதகு' என்று தங்க எழுத்தில் அடிப்போம். மேட்டு ஊர்க்காரர்கள் மட்டும் எங்களைக் 'காலனி' என்பார்கள். அந்த வார்த்தையை நாங்கள் வாயில் வைப்பதில்லை.

கடலூர் முதுநகரில் அலைக்கரை அறக்கட்டளை என்று ஒன்று உண்டு. கொள்ளிடத்தில் தண்ணீர் திறந்துவிட்டால், முதுநகர் மீனவர்களின் ஃபைபர் படகுகளை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து எங்கள் பக்கத்தில் இறக்குவார்கள். எந்த ஊரில் முதியவர்கள் எத்தனை பேர், கர்ப்பிணிகள் யார், எந்த ஊருக்கு யார் படகு, இதையெல்லாம் கம்ப்யூட்டரில் கோத்துத் தரச் சொல்லி எங்கள் கம்பெனியிடம் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு ஊருக்கும் இணையத்தில் ஒரு முகவரி. முகவரி தமிழில்தான் இருக்க வேண்டும் என்று அறக்கட்டளைத் தலைவி அருள்மொழி மேடம் ஒற்றைக்காலில் நின்றார். குமராட்சியின் முகவரி 'குமராட்சி' என்று முடியும். எங்களுடையது, மதகு என்பதைச் சுருக்கி, '9ம' என்று முடியும். கோடையில் ஒவ்வொரு மதகிலும் ஒரு தகர போர்டு அடித்தோம். அதில் இருக்கும் கியூஆர் கட்டத்துக்கு நேராகப் போனைக் காட்டினால் அந்த ஊரின் பக்கம் திறக்கும், தண்ணீர் அளவு தெரியும், படகுக்காரர் நம்பர் வரும். ஒன்பதாம் மதகில் ஆணி அடித்தது என் அம்மா தைலம்மாள்.

அன்றைக்குக் கடைசிச் சோதனை. மறுநாள் முதுநகரில் படகுக்காரர்கள் முன்னால் எல்லாவற்றையும் காட்ட வேண்டும். ஊர் ஊராகத் தட்டிப் பார்த்தேன். குமராட்சி வந்தது. மேட்டு ஊர்கள் அத்தனையும் சமர்த்தாக வரிசையில் வந்து நின்றன. ஐந்தாம் மதகு முதல் பதினைந்தாம் மதகு வரை எங்கள் ஊர்கள் பதினொன்று. அவற்றைத் தேடினால் திரையில் ஒரே ஒரு வரி. ஊர்: ம. படகு: ஒன்று.

போன வெள்ளத்திலும் பதினோரு ஊருக்கும் சேர்த்து ஒரே படகுதான் சுற்றிச் சுற்றி வந்தது. எங்கள் ஆட்கள் பள்ளிக்கூட மொட்டை மாடியில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முறை வருவதற்குள் பக்கத்து வீட்டு அக்காவுக்கு வலி எடுத்துவிட்டது. குழந்தை மாடியிலேயே பிறந்தது, தங்கவில்லை. அதற்குப் பிறகுதான் அறக்கட்டளைக்காரர்கள் ஊருக்கு ஒரு படகு என்று முடிவு பண்ணினார்கள்.

மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு உட்கார்ந்து காரணத்தைப் பிடித்தேன். இணைய முகவரி நீளமாக இருக்கும். அதை முழுசாக எழுத அலுத்துக்கொண்டு, புரோகிராமர்கள் பயன்படுத்தும் லைப்ரரிகள், அதாவது யாரோ முன்பே எழுதிவைத்த ஆயத்த புரோகிராம்கள், இரண்டாக வெட்டிக்கொள்ளும். எல்லா ஊருக்கும் பொதுவான தலைப்பகுதிக்குப் பெயர்வெளி என்று பெயர். கடைசியில் நிற்கும் வால் உள்ளூர்ப் பெயர். குமராட்சியின் முகவரியைக் கடைசிச் சாய்கோட்டில், அதாவது ஸ்லாஷில், வெட்டினால் வாலில் 'குமராட்சி' முழுசாக நிற்கும். நியாயம்தான். ஆனால் எங்கள் லைப்ரரிக்கு ஒரு பழைய விதி இருந்தது. உள்ளூர்ப் பெயர் எழுத்தில்தான் ஆரம்பிக்க வேண்டும், எண்ணில் ஆரம்பிக்கக் கூடாது. '9ம' என்பதைப் பார்த்ததும் அது சாய்கோட்டில் வெட்டாமல் ஒன்பதைத் தாண்டிப் போய் வெட்டிவிட்டது. ஒன்பது தலையோடு ஒட்டிக்கொண்டது, வாலில் மிஞ்சியது வெறும் 'ம'. ஏழுக்கும் 'ம', பதினைந்துக்கும் 'ம'. சபாபதி சார் எழுதிய புரோகிராம் அந்த வாலை மட்டும் வைத்துத்தான் எது எந்த ஊர் என்று அடையாளம் கண்டது. பதினோரு ஊரும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒரே ஊராகிவிட்டது.

இதை அவருக்குப் படம் போட்டுக் காட்டினேன். சிரிப்பு நின்றது.

"லைப்ரரிய குத்தம் சொல்லாத. ஒலகம் பூரா ஓடுது" என்றார்.

"லைப்ரரி மேல தப்பே இல்ல சார். முழு முகவரியையும் அது நம்ம கையில குடுக்குது. சுருக்கி எழுதறதுக்குத்தான் வெட்டுது. முழுச விட்டுட்டு வாலப் புடிச்சது நாம."

'நாம' என்றது மரியாதைக்கு.

"டெஸ்ட் பண்ணிட்டுத்தான குடுத்தேன்?"

"எந்தெந்த ஊர வெச்சி பண்ணீங்க?"

விரல் விட்டு எண்ணினார். "எங்க ஊரு. மாமனாரு ஊரு. அத்த ஊரு. எல்லாம் சரியா வந்துச்சே!"

"ஒங்க சொந்தத்துல யாருக்கும் நம்பர்ல ஊரு இல்ல சார். அதான்."

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. வாலை எடுக்கிற இடத்தில் எல்லாம் முழு முகவரியை வைத்துவிட்டால் போதும், இன்றைக்கே உட்கார்ந்து நானே செய்துவிடுகிறேன் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. இதே புரோகிராமை வேறு இடங்களுக்கும் கொடுத்திருக்கிறார், நாளைக் காலையில் கூட்டத்தை வைத்துக்கொண்டு இன்றைக்கு எவனாவது அடிமடியில் கை வைப்பானா என்றார். "இதுக்கு ஒரு எழுத்து போதும்" என்று சொல்லி என் நாற்காலியில் உட்கார்ந்து தட்டினார். எங்கள் எண்களுக்கு முன்னால் எல்லாம் 'கா' என்று சேர்த்தார். கா5ம, கா6ம, கா7ம. ஓட்டினார். பதினோரு வரியும் வந்து நின்றன.

"பாத்தியா? எழுத்துல ஆரம்பிச்சதும் ஒழுங்கா வெட்டுது. முடிஞ்சுது வேல."

"கா-ன்னா என்ன சார்?"

"சும்மா ஒரு எழுத்து."

"கா-ன்னா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "காலனி. எல்லாரும் சொல்றதுதான? மனசுல எதையும் வெச்சிகிட்டுப் போடல பாப்பா. டக்குனு தோணுச்சு."

"டக்குனு தோணுச்சு பாருங்க, அதான் சார் எரியுது. அந்த வார்த்தையவே எடுக்கணும்னு கவர்மெண்டே சொல்லிட்டுது. நீங்க புதுசா சேக்கறீங்க."

"சரி, வேற எழுத்து போடு. யாரு வேணாங்கறா?"

"எந்த எழுத்தும் வேணாம். மேட்டு ஊருங்க பேர்ல ஒரு புள்ளிய மாத்துனீங்களா? எங்களுது மட்டும் ஏன் மாறணும்? மதகுல எல்லாம் போர்டு அடிச்சி வெச்சிருக்கு. முகவரிய மாத்திட்டா அதுல ஒண்ணும் வராது."

"போர்ட அப்புறமா மாத்திக்கலாம்."

"மழயும் அப்புறமா வருமா சார்?"

மேசையில் ஓங்கித் தட்டினார். பாப்பா போய் சிந்துஜா வந்தாள். "இங்க பாரு சிந்துஜா. நாளைக்கி மவுஸ மட்டும் நீ புடி. பேசறது நான். நடுவுல வாயத் தொறந்தீன்னா திங்கக்கிழம ஆபீசுக்கு வராத."

மினி பஸ்ஸில் நின்றுகொண்டே ஊருக்குப் போனேன். அம்மா நாற்று நடவு முடித்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். ஊர்ப் பெயருக்கு முன்னால் ஒரு எழுத்தைச் சேர்த்துவிட்டார்கள், அதில் முதலாளியோடு தகராறு என்றேன். எந்த எழுத்து என்று சொல்லவில்லை. சொல்ல நாக்கு எழவில்லை.

"எழுத்துதானடி? போட்டா போடட்டும். படகு வருது இல்ல?" என்றாள் அம்மா. "வாயக் குடுத்து வேலையக் கெடுத்துக்காத. நீ படிச்சி அந்த நாக்காலியில உக்காரதுக்குள்ள என் இடுப்பு ஒடிஞ்சிட்டுது."

அது பொய்யில்லை. அவள் இடுப்பு நிஜமாகவே ஒடிந்துதான் இருந்தது. நாளைக்கு வாயைத் திறக்கக்கூடாது என்று சோற்றைப் பிசைந்தபடியே எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முதுநகரில் ஜங்ஷனுக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டம். வலை உலர்த்திவிட்டு அப்படியே வந்திருந்த படகுக்காரர்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். சபாபதி சார் புதுச் சட்டையில் பேசினார். நன்றாகத்தான் பேசினார். அவர் தலையசைக்கிற இடத்தில் நான் மவுஸைத் தட்டினேன். மேட்டு ஊர்கள் வந்தன, கைதட்டினார்கள். அடுத்த பக்கம் வந்தது.

முன்வரிசையில் இருந்த சுப்பராயலு என்கிற படகுக்காரர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "எனக்கு 'கா ஒம்போது ம'ன்னு போட்டிருக்கு. அது எங்க இருக்கு? போட்ட எங்க கொண்டாந்து எறக்கறது?"

"அதான, இந்தக் கா என்னது சபாபதி?" என்று அருள்மொழி மேடமும் கேட்டார். "நாம குடுத்ததுல இது இல்லியே."

"டெக்னிக்கல் ப்ரிஃபிக்ஸ் மேடம். லைப்ரரிக்கு வேண்டியிருக்கு. அதுக்கு அர்த்தமெல்லாம் ஒண்ணும் கெடையாது."

மவுஸ் என் கையில் இருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் திங்கட்கிழமை ஆபீஸ் உண்டு. பதினோரு வரியும் திரையில் இருக்கிறது, படகும் வரும். அம்மா சொன்னதும் அதுதான். ஆனால் அர்த்தம் கிடையாது என்றாரே, அதை என்னால் மென்று விழுங்க முடியவில்லை.

"காலனி மேடம்" என்றேன்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். லைப்ரரி எப்படி வெட்டுகிறது, எண்கள் எங்கே போயின, எதற்காக எழுத்து சேர்த்தார்கள், எல்லாவற்றையும் கொட்டினேன். சபாபதி சார் நடுவில் புகுந்து, "சின்னப் பொண்ணு மேடம், உணர்ச்சிவசப்படுது. எல்லாம் வேல செய்யுது, போர்டு உட்பட" என்று பூசி மெழுகினார்.

போர்டு வேலை செய்கிறதாம்! என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டேன், ஸ்பீக்கரில் போட்டேன்.

"அம்மா, மதகுகிட்ட இருக்கியா?"

"தோ, பக்கத்துலதான் ஆட்டக் கட்டிகிட்டு இருக்கேன். என்னாடி?"

"போர்டுல போனக் காட்டு. என்னா வருது?"

ஆட்டை அதட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "வெள்ளையா வருதுடி. ஒண்ணுமே இல்ல. நேத்து தண்ணி அளவெல்லாம் காட்டிச்சே!"

"முகவரிய மாத்திட்டாங்கம்மா. நம்பர்ல ஆரம்பிச்சா கம்ப்யூட்டருக்கு ஒத்துக்கலையாம். நம்ம பேருக்கு முன்னாடி 'கா' போட்டுட்டாங்க."

"கா-ன்னா?"

அவளுக்கு அதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"காலனியா?" என்றாள். அவள் வாயில் அந்த வார்த்தையை அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்டேன். "எவன்டி போட்டான் அத? நம்ம பேரு மிஷினுக்குப் புடிக்கலன்னா மிஷின மாத்தச் சொல்லு, நாம ஏன்டி மாறணும்? மாடியில அந்தப் புள்ளய கையில வாங்கினவ நான். படகோட அரும எனக்குத் தெரியும். ஆனா கழுத்துல அட்டைய மாட்டிகிட்டுத்தான் ஏறணும்னா, அந்தப் படகு கடல்லியே கெடக்கட்டும்னு சொல்லு."

நேற்று வேலையைக் கெடுத்துக்காதே என்றவளும் இவள்தான். எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. துடைக்கவில்லை, துடைத்தால் எல்லோரும் பார்ப்பார்கள்.

அருள்மொழி மேடம் என்னிடம் வரவில்லை, சபாபதி சாரிடம்தான் திரும்பினார். "சரி பண்ண எவ்ளோ நாளு ஆவும்?"

"ஒரு மாசம் மேடம். ரிஸ்க்கும் ஜாஸ்தி."

"நீங்க சாப்புட்டு வர்றதுக்குள்ள" என்றேன் நான்.

சபாபதி சார் என் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, யாருக்கும் கேட்காமல், "கை வெச்சே, அவ்ளோதான்" என்றார். வைத்தேன். 'கா'வை எல்லாம் அழித்தேன். வாலை எடுக்கிற வரிகளைத் தேடித் தேடி முழு முகவரியை வைத்தேன். அவ்வளவு சுலபமாக நடந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். முதல் தடவை ஓட்டினபோது குமராட்சியே காணாமல் போய்விட்டது. "பாத்தீங்களா மேடம், பாத்தீங்களா!" என்று சார் குதித்தார். படகு பிரிக்கிற இடத்தில் ஒரு வரியை விட்டிருந்தேன். என்னை நானே திட்டிக்கொண்டு அதையும் மாற்றினேன். கூடத்தில் ரசம் பரிமாறிக்கொண்டிருந்தபோது ஓட்டினேன். குமராட்சி வந்தது. மேட்டு ஊர்கள் வந்தன. கீழே 5ம, 6ம, 7ம என்று 15ம வரைக்கும் பதினோரு ஊர், ஒவ்வொன்றுக்கும் ஒரு படகு. முகவரிக்குப் பக்கத்தில் ஊரின் பெயர் எழுத்தில் வரவேண்டிய கட்டம் ஒன்று காலியாக இருந்தது. அதையும் நிரப்பினேன்.

சுப்பராயலு இலையில் கையோடு எட்டிப் பார்த்தார். "ஒம்போதாம் மதகு. இப்படி சொன்னா எனக்குப் புரியுது. எங்க மச்சான் லாரியில செங்கல் ஏத்திகிட்டு அங்க வந்திருக்கான்" என்றார்.

சபாபதி சார் லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு காரில் ஏறினார். என்னை ஏறச் சொல்லவில்லை. ஜங்ஷனில் பஸ் பிடித்துச் சிதம்பரம் வந்தேன். திங்கட்கிழமை நான் போகவில்லை. ஒரு தடவை அவரே போன் பண்ணினார். "மன்னிப்பு கேட்டுட்டு வா. நானும் மறந்துடறேன்" என்றார். எதற்காக மன்னிப்பு என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார். அருள்மொழி மேடம் எனக்கு வேலை ஏதும் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் கதைக்கு நன்றாக இருந்திருக்கும், என்ன செய்வது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டைப்பிங் சொல்லிக்கொடுக்கச் சேர்ந்தேன். சம்பளத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள்.

கார்த்திகையில் கொள்ளிடத்தில் தண்ணீர் திறந்தார்கள். சாலை மூழ்கி மினி பஸ் நின்றுவிட்டது, நான் சிதம்பரத்திலேயே மாட்டிக்கொண்டேன். காலையிலிருந்து அம்மாவுக்குப் போன் போகவில்லை. சென்டரில் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுத்தேன் என்று எனக்கே தெரியாது. மத்தியானம் அவளே கூப்பிட்டாள். பின்னால் இன்ஜின் சத்தம், காற்று, குழந்தைகளின் கூச்சல்.

"ஏறிட்டியாம்மா?"

"ஏறிட்டேன், ஏறிட்டேன். எல்லாரும் ஏறியாச்சு. போட்டுக்காரரு போனப் பாத்துப் பாத்து, 'ஒம்போதாம் மதகு ஜனமெல்லாம் ஏறுங்க'ன்னு சத்தமா கூப்புட்டாருடி."

"அப்பவே ஏறிட்டியா?"

"எங்க ஏறுனேன்? முட்டியளவு தண்ணியில நின்னுகிட்டு, இன்னொரு வாட்டி கூப்புடுங்கன்னேன். கூப்புட்டாரு. அப்புறந்தான் ஏறுனேன்."